உணவு அடிமைத்தனமும் மாணவர் உணவுப் பழக்கமும்

உணவு அடிமைத்தனம் என்பது சர்க்கரை, கொழுப்பு, உப்பு ஆகியவை மிகுந்த சில உணவுகளின் மீது கட்டுக்கடங்காத விழைவு கொண்டு, தீங்கு நேர்வதை அறிந்தும் அவற்றைத் தொடர்ந்து உண்ணும் நிலையைக் குறிக்க ஆய்வாளர்கள் பயன்படுத்தும் சொல்லாகும். மது, புகையிலை ஆகியவற்றுக்கு அடிமையாதலோடு இந்நிலைக்குச் சில ஒற்றுமைகள் உள்ளன. ஆயினும் இது ஒரு தனி நோயாக அதிகாரப்பூர்வமான நோய்ப் பட்டியல்களில் இடம்பெறவில்லை. இதுபற்றிய ஆய்வுகளில் சிறுவர்களும் கல்லூரி மாணவர்களும் சிறப்பிடம் பெறுகின்றனர். உணவுச் சுவை உருவாகும் காலம் சிறுவர் பருவம் என்பதும், பலர் வீட்டை விட்டு வெளியேறித் தம் உணவைத் தாமே தேர்ந்துகொள்ளும் முதற்காலம் கல்லூரிப் பருவம் என்பதும் இதற்குக் காரணங்கள் ஆகும்.

தமிழ்நாட்டில் பள்ளிச் சிறுவரின் உணவு என்பது நெடுங்காலம் பசி தொடர்பான சிக்கலாகவே கருதப்பட்டது. 21ஆம் நூற்றாண்டில் குறையூட்டமும் மிகையூட்டமும் ஒரே ஊரில், சில வேளைகளில் ஒரே வீட்டில், அருகருகே காணப்படுகின்றன. திராட்சையும் வாழையும் நெல்லும் விளையும் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு, இம்மாற்றத்தை விளங்கிக்கொள்ள உதவும் பகுதிகளுள் ஒன்றாகும்.

சொல்லும் வரையறையும்

உணவு அடிமைத்தனம் என்னும் சொல்லை மருத்துவ இதழொன்றில் 1956ஆம் ஆண்டு பயன்படுத்தியவர் அமெரிக்க மருத்துவர் தெரான் ராண்டால்ஃப் ஆவார். அதன் பின்னர் நீண்ட காலம் இக்கருத்து பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 2000ஆம் ஆண்டுக்குப் பின், மூளையைப் படம்பிடிக்கும் கருவிகளின் வளர்ச்சியாலும் உடற்பருமன் உலகெங்கும் பெருகியதாலும் ஆய்வுகள் பெருகின.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 என்னும் கையேடு, "மிகையுண்ணல் கோளாறு" என்பதைத் தனி நோயாக ஏற்றுக்கொண்டது. குறுகிய நேரத்தில் பெருமளவு உணவை உண்பதும், அவ்வேளையில் தன்னைக் கட்டுப்படுத்த இயலவில்லை என்று உணர்வதும், பின்னர் குற்ற உணர்வு கொள்வதும் இக்கோளாற்றின் அடையாளங்கள் ஆகும். உலக சுகாதார அமைப்பின் ஐ.சி.டி-11 பட்டியலிலும் இக்கோளாறு உள்ளது. ஆனால் உணவு அடிமைத்தனம் என்னும் பெயர் இவ்விரண்டிலும் இல்லை. மிகையுண்ணல் கோளாறும் உணவு அடிமைத்தனமும் ஒன்றல்ல. முன்னது உண்ணும் நடத்தையையும், பின்னது குறிப்பிட்ட உணவுகளின் ஆற்றலையும் முதன்மைப்படுத்துகின்றன.

அளவிடும் முறை

யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்களான ஆஷ்லி கியர்ஹார்ட், வில்லியம் கார்பின், கெல்லி பிரவுனெல் ஆகியோர் 2009இல் யேல் உணவு அடிமைத்தன அளவுகோலை உருவாக்கினர். இது 25 வினாக்களைக் கொண்டது. போதைப் பொருள் சார்புக்கு வகுக்கப்பட்டிருந்த 7 அடையாளங்களை உணவுக்குப் பொருத்திப் பார்ப்பது இதன் முறையாகும். எண்ணியதைவிட மிகுதியாக உண்ணுதல், விட முயன்று தோற்றல், உணவைத் தேடுவதிலும் உண்பதிலும் பெரும்பொழுதைச் செலவிடல், அதன் பொருட்டு விளையாட்டையோ நட்பையோ தவிர்த்தல், முன்பு நிறைவளித்த அளவு பின்னர் போதாமை, நிறுத்தினால் எரிச்சலும் சோர்வும் தோன்றுதல் ஆகியன இவற்றுள் அடங்கும். இவற்றால் அன்றாட வாழ்வு பாதிக்கப்படுகிறதா என்பதும் வினவப்படுகிறது.

சிறுவர்களுக்கான வடிவம் 2013இலும், 11 அடையாளங்களையும் 35 வினாக்களையும் கொண்ட இரண்டாம் பதிப்பு 2016இலும் வெளிவந்தன. இந்த அளவுகோலைக் கொண்டு 36 நாடுகளில் செய்யப்பட்ட 281 ஆய்வுகளின் தொகுப்பு முடிவுகளைப் பிரித்தானிய மருத்துவ இதழில் 2023இல் வெளியான கட்டுரை ஒன்று எடுத்துக்காட்டியது. அதன்படி வயது வந்தோரில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினரும் சிறுவர்களில் ஏறத்தாழ 12 விழுக்காட்டினரும் இந்த அளவுகோலின் வரையறைக்குள் வருகின்றனர். இது வினாத்தாள் வழிப் பெறப்பட்ட மதிப்பீடே அன்றி, மருத்துவர் நேரில் கண்டறிந்த நோயாளிகளின் எண்ணிக்கை அன்று.

எவ்வகை உணவுகள்

எல்லா உணவும் இத்தகைய விழைவை ஏற்படுத்துவதில்லை. கீரைக்கோ சுண்டலுக்கோ அடிமையானோர் என எவரும் குறிப்பிடப்படுவதில்லை. இனிப்பு மிகுந்த பானங்கள், சாக்லேட், பனிக்கூழ், உருளைக்கிழங்கு வறுவல், கிரீம் பிஸ்கட் போன்றவையே ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் சுட்டப்படுகின்றன. இயற்கை உணவில் சர்க்கரையும் கொழுப்பும் பெரும்பாலும் ஒருங்கே மிகுந்திருப்பதில்லை. பழத்தில் சர்க்கரை மிகுதி, கொழுப்புக் குறைவு. நிலக்கடலையில் கொழுப்பு மிகுதி, சர்க்கரை குறைவு. ஆலைகளில் செய்யப்படும் தின்பண்டங்களில் இவை இரண்டும் உப்புடனும் மணமூட்டிகளுடனும் சேர்கின்றன.

பிரேசில் நாட்டு ஆய்வாளர் கார்லோசு மொன்டெய்ரோவும் அவர் குழுவினரும் உணவுகளை அவை பதப்படுத்தப்படும் அளவைக்கொண்டு நான்காகப் பிரிக்கும் நோவா வகைப்பாட்டை முன்வைத்தனர். அதன் நான்காம் வகை "மீப்பதப்படுத்திய உணவு" ஆகும். வீட்டுச் சமையலறையில் இல்லாத நிறமூட்டி, மணமூட்டி, பால்மமாக்கி முதலியவை சேர்த்து ஆலையில் ஆக்கப்படுபவை இவ்வகையைச் சாரும்.

அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கெவின் ஹால் தலைமையில் நடந்து 2019இல் வெளியான சோதனை இத்துறையில் முக்கியமானது. அதில் 20 பேர் நான்கு வாரங்கள் ஆய்வு மையத்திலேயே தங்கினர். இரு வாரங்கள் மீப்பதப்படுத்திய உணவும், இரு வாரங்கள் எளிய உணவும் அவர்களுக்கு வழங்கப்பட்டன. இரண்டிலும் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஆகியவை சமமாக வைக்கப்பட்டன. விரும்பிய அளவு உண்ணலாம் என்ற நிலையில், மீப்பதப்படுத்திய உணவின்போது நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கிலோகலோரி மிகுதியாக உண்டனர். இரு வாரங்களில் சராசரியாக 0.9 கிலோகிராம் எடை கூடினர். அவர்கள் அவ்வுணவை வேகமாக உண்டதும் பதிவு செய்யப்பட்டது.

உடலியல் விளக்கம்

சுவையான உணவை உண்ணும்போது மூளையின் வெகுமதி மண்டலத்தில் டோபமின் என்னும் வேதிப்பொருள் சுரக்கிறது. அவ்வுணவையும், அது கிடைக்கும் இடம், நேரம், உறையின் நிறம், பொட்டலம் பிரிக்கும் ஓசை ஆகியவற்றையும் மூளை இணைத்து நினைவில் கொள்கிறது. பின்னர் அக்குறிப்புகளைக் கண்டாலோ கேட்டாலோ, பசி இல்லாத வேளையிலும் விழைவு எழுகிறது. வளரிளம் பருவத்தில் இவ்வெகுமதி மண்டலம் முனைப்பாக இயங்குகிறது. ஆனால் தன்னடக்கத்திற்குப் பொறுப்பான முன்மூளைப் பகுதி இருபது வயதைக் கடந்த பின்னரே முழு வளர்ச்சி பெறுகிறது. சிறுவரை நோக்கிய விளம்பரங்கள் இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்கின்றன.

உறக்கக் குறைவும் ஒரு காரணியாகும். 2004இல் வெளியான ஆய்வொன்றில், 12 இளைஞர்கள் இரு இரவுகள் 4 மணி நேரம் மட்டுமே உறங்கியபோது, நிறைவுணர்வு தரும் லெப்டின் சுரப்பு 18 விழுக்காடு குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு கூடியது. இனிப்பும் மாவும் மிகுந்த உணவுகளின் மீதான நாட்டம் அவர்களிடம் பெருகியது. தேர்வுக் காலத்தில் இரவு விழித்திருந்து படிக்கும் மாணவர்க்கு இம்முடிவு நேரடியாகப் பொருந்தக்கூடியது.

கம்பம் பள்ளத்தாக்கு

தேனி மாவட்டம் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 1997ஆம் ஆண்டு சனவரி 1 முதல் செயற்படுகிறது. மேற்கே ஏலமலைத் தொடருக்கும் கிழக்கே வருசநாடு, மேகமலைப் பகுதிகளுக்கும் இடையே கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்களைக் கொண்டு அமைந்திருப்பது கம்பம் பள்ளத்தாக்கு ஆகும். 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீரால் இங்கு 14,707 ஏக்கரில் இருபோக நெல் சாகுபடி நடைபெறுகிறது. ஆண்டு முழுதும் அறுவடைக்கு வரும் பன்னீர் திராட்சை இப்பள்ளத்தாக்கின் சிறப்பு விளைபொருள் ஆகும். கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. வாழை, தென்னை, பீட்ரூட் ஆகியனவும் இங்கு விளைகின்றன. பெரியகுளம் மாம்பழத்திற்கும், ஆண்டிபட்டி வட்டாரம் முருங்கைக்கும் பெயர் பெற்றவை.

நீர்ப்பாசனம் எட்டாத ஆண்டிபட்டி, கடமலைக்குண்டு வட்டார மானாவாரி நிலங்களில் சோளமும் கம்பும் பயறு வகைகளும் விளைந்தன. கூழும் களியும் உழைக்கும் மக்களின் அன்றாட உணவாக இருந்தன. நியாயவிலைக் கடைகளில் 2008இல் ஒரு கிலோ அரிசி ஒரு ரூபாய்க்கும், 2011 சூன் முதல் விலையின்றியும் வழங்கப்பட்டமை ஏழை வீடுகளின் பசியைப் பெரிதும் தணித்தது. அரிசி எளிதில் கிடைத்ததோடு சிறுதானியம் வீட்டுச் சமையலில் பின்தங்கியது. இட்லி, தோசை, மைதாவால் செய்யப்படும் பரோட்டா ஆகியன மாவட்டமெங்கும் அன்றாட உணவாயின.

விளைச்சல் மிகுந்த இடத்தில் பிள்ளைகளின் உணவும் சிறந்திருக்கும் என்று கருதுவது இயல்பு. ஆயினும் விளைபொருளில் பெரும்பகுதி பெருநகரச் சந்தைகளுக்கும் கேரளத்திற்கும் அனுப்பப்படுகிறது. மாநிலத்தின் பிற பகுதிகளைப் போலவே இங்கும் பள்ளிக்கு எதிரேயுள்ள பெட்டிக்கடையில் சிறுவன் முதலில் காண்பது 5 ரூபாய், 10 ரூபாய்ப் பொட்டலங்களின் சரமே ஆகும். 100 கிராம் வாழைப்பழத்தில் ஏறத்தாழ 90 கிலோகலோரி ஆற்றல் உள்ளது. அதே எடையுள்ள உருளைக்கிழங்கு வறுவலில் 530 கிலோகலோரிக்கும் மேல் உள்ளது. வறுவல் வயிற்றை நிரப்பும் முன்பே பெருமளவு ஆற்றலைத் தந்துவிடுகிறது.

காலை உணவும் வேலை நேரமும்

பள்ளத்தாக்கைச் சேர்ந்த தோட்டத் தொழிலாளர்கள், குறிப்பாகப் பெண்கள், குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மலைப்பாதைகள் வழியாக இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களுக்கு நாள்தோறும் சீப்புகளில் சென்று திரும்புகின்றனர். விடியற்காலையில் புறப்படும் தாய், பிள்ளைகள் விழிக்கும் முன்பே சமைத்து வைத்துச் செல்ல வேண்டியுள்ளது. இத்தகைய வீடுகளில் காலை உணவு தவறுவதும், கையில் கொடுத்த சில்லறைக் காசு கடையில் பொட்டலமாக மாறுவதும் எளிது. உணவுப் பழக்கத்தைத் தீர்மானிப்பதில் பெற்றோரின் வேலை நேரத்திற்குள்ள பங்கை இது காட்டுகிறது.

காலை உணவைத் தவிர்க்கும் சிறுவர் முற்பகலில் கடும்பசி கொள்கின்றனர். அவ்வேளையில் விரைவாக ஆற்றல் தரும் இனிப்பையும் வறுவலையும் நாடுவது உடலின் இயல்பான எதிர்வினை ஆகும். இதனை உடனே அடிமைத்தனம் எனக் கொள்ளலாகாது. எனினும் நாள்தோறும் இவ்வாறு நிகழும்போது பசியும் பொட்டலமும் மூளையில் இணைந்து பழக்கமாகின்றன.

பள்ளி உணவுத் திட்டங்கள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் உணவு வழங்கும் முயற்சி 1920இல் தொடங்கியது. நீதிக்கட்சியின் பி. தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவில் உணவு வழங்கியது. முதலமைச்சர் காமராசர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தை மாநில அளவில் கொண்டுவந்தார். முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் 1982 சூலை 1 அன்று சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1984 தேர்தலில் அவர் வெற்றிபெற்ற ஆண்டிபட்டித் தொகுதி இன்று தேனி மாவட்டத்தில் உள்ளது. மு. கருணாநிதியின் ஆட்சியில் 1989இல் முட்டை சேர்க்கப்பட்டது. 2010 முதல் வாரத்தில் 5 நாட்களும் முட்டை வழங்கப்பட்டது. முட்டை உண்ணாத சிறுவர்க்கு வாழைப்பழம் வழங்கப்படுகிறது. பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் ஆணையிட்டபோது தமிழ்நாடு அதற்கு முன்மாதிரியாக இருந்தது.

முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதற்கட்டத்தில் 1,545 பள்ளிகளில் 1 முதல் 5 வகுப்பு வரை பயிலும் ஏறத்தாழ 1.14 இலட்சம் மாணவர்கள் பயன்பெற்றனர். 2023 ஆகத்து 25 அன்று எல்லா அரசு தொடக்கப்பள்ளிகளுக்கும், 2024இல் ஊரக அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025இல் நகர்ப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் இத்திட்டம் விரிவாக்கப்பட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல் ஆகியவை காய்கறிச் சாம்பாருடன் வழங்கப்படுகின்றன. மாநிலத் திட்டக்குழு முதற்கட்டப் பள்ளிகளில் செய்த ஆய்வில், 1,543 பள்ளிகளில் 1,319 பள்ளிகளின் வருகைப்பதிவு உயர்ந்திருந்தது.

இத்திட்டங்கள் பசியைப் போக்குவதற்காக உருவானவை. எனினும் உணவுப் பழக்கத்தைப் பொறுத்தவரை அவற்றிற்கு இரண்டாவது பயன் ஒன்றும் உண்டு. குறித்த நேரத்தில், சூடாகச் சமைத்த உணவைப் பிற பிள்ளைகளோடு அமர்ந்து உண்ணும் சிறுவனுக்கு இடைவேளையில் கடையை நாடும் தேவை குறைகிறது. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்புடன் முடிவதால், விழைவும் கைச்செலவுப் பணமும் பெருகும் வளரிளம் பருவத்தினர் அதன் வரம்புக்கு வெளியே உள்ளனர்.

கல்லூரி மாணவர்

உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி, போடிநாயக்கனூர் அரசு பொறியியல் கல்லூரி, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி, தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆகியன இம்மாவட்டத்தின் உயர்கல்வி நிறுவனங்களுள் சில. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பயிலும் மாணவருள் ஒரு பகுதியினர் நாள்தோறும் பேருந்தில் வந்து செல்வோர். மற்றொரு பகுதியினர் விடுதியில் தங்குவோர். முதல் வகையினர் காலை உணவை அவசரமாக உண்டோ உண்ணாமலோ புறப்படுகின்றனர். இரண்டாம் வகையினருக்கு விடுதி உணவுக்கூடம் மூடிய பின் எழும் பசிக்கு அருகிலுள்ள கடையோ, கைப்பேசிவழி உணவு விநியோகமோ துணையாகிறது.

செலவும் ஒரு காரணியாகும். அரசு நலத்துறை விடுதிகளில் கல்லூரி மாணவர் ஒருவருக்கான உணவுப்படி 2023இல் மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாகவும், பள்ளி மாணவருக்கு 1,000 ரூபாயிலிருந்து 1,400 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. 1,500 ரூபாய் என்பது மூன்று வேளைக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 50 ரூபாய் ஆகும். அரிசி நிறைந்து, பயறும் காயும் பழமும் குறைந்த தட்டு இத்தகைய வரவு செலவின் விளைவே அன்றி மாணவரின் விருப்பத்தின் விளைவு அன்று.

தனிமை, தேர்வச்சம், வீட்டுப் பிரிவு ஆகியவற்றால் மனம் தளரும்போது உணவை ஆறுதலாகக் கொள்ளும் வழக்கம் "உணர்ச்சிவழி உண்ணல்" எனப்படுகிறது. இதற்கு நேர்மாறாக, உடல் மெலிய வேண்டி நாள் முழுதும் பட்டினி கிடந்து இரவில் அளவின்றி உண்போரும் உண்டு. கடும் பட்டினி, மிகையுண்ணலுக்கு முன்னோடியாக அமைவது மருத்துவ உலகில் நன்கறியப்பட்டதாகும்.

இரட்டைச் சுமை

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின் (2019–21) படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள். முந்தைய ஆய்வில் (2015–16) இது 30.9 ஆக இருந்தது. ஆண்களில் இவ்வளவு 28.2இலிருந்து 37.0 ஆக உயர்ந்தது. அதே ஆய்வில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள்.

யுனிசெஃப் அமைப்பு 2025இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 5 முதல் 19 வயது வரையிலானோரில் உடற்பருமன் கொண்டோரின் விழுக்காடு (9.4) எடை குறைந்தோரின் விழுக்காட்டை (9.2) முதன்முறையாக விஞ்சியது. எடை கூடிய சிறுவனுக்கும் இரும்புச்சத்துக் குறைவு இருக்கக்கூடும். ஆற்றல் மிகுந்து நுண்சத்துக் குறைந்த உணவே இதற்குக் காரணமாகும். எனவே மெலிந்த பிள்ளைக்குப் பசி, பருத்த பிள்ளைக்குப் பேராசை என்று இவ்விரண்டையும் தனித்தனியே பிரித்துக் காண்பது பொருந்தாது.

சட்டங்களும் வரிகளும்

தில்லி உயர் நீதிமன்றத்தில் 2010இல் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கின் தொடர்ச்சியாக, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2020 செப்டம்பரில் பள்ளி உணவு விதிகளை வெளியிட்டது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும், பள்ளி வாயிலிலிருந்து எத்திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் விற்பதையும் விளம்பரப்படுத்துவதையும் இவ்விதிகள் தடை செய்கின்றன. கல்லூரிகளுக்கு இவ்விதிகள் பொருந்தா. பல்கலைக்கழக மானியக் குழு 2016இலும் 2018இலும் உயர்கல்வி நிறுவனங்களில் நொறுக்குத் தீனி விற்பனையைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தியது.

கம்பம் பள்ளத்தாக்கை ஒட்டிய கேரள மாநிலம், 2016இல் பெயர் பெற்ற உணவகங்களில் விற்கும் பீட்சா, பர்கர் முதலியவற்றின் மீது 14.5 விழுக்காடு "கொழுப்பு வரி" விதித்தது. 2017 சூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது அது முடிவுற்றது. 2025 செப்டம்பர் 22 முதல் காற்றூட்டிய இனிப்புப் பானங்களுக்கான வரி 40 விழுக்காடு ஆனது. அதே நாளில் பிஸ்கட், சாக்லேட், உடனடி நூடுல்ஸ், கார வகைகள் ஆகியவற்றுக்கான வரி 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

மெக்சிகோ 2014 முதல் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி விதித்தது. சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த பொட்டலங்களில் கறுப்பு எண்கோண முத்திரை கட்டாயமாயிற்று. இலங்கையில் 2016 முதல் இனிப்புப் பானங்களில் சர்க்கரை அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சைக் குறியீடுகள் இடம்பெற்றன. சிங்கப்பூரில் 2022 இறுதியில் பானங்களுக்கு நான்கு தரநிலை முத்திரைகள் நடைமுறைக்கு வந்தன.

கருத்து வேறுபாடுகள்

உணவு உயிர்வாழ இன்றியமையாதது என்பதால் அதனைப் போதைப் பொருளோடு ஒப்பிடுவது தவறு என்பது ஒரு தரப்பு ஆய்வாளர்களின் வாதம். புகையிலையில் நிகோட்டின் போல, உணவில் அடிமைப்படுத்தும் ஒரு தனிப்பொருள் இன்னும் இனங்காணப்படவில்லை. ஜெர்மானிய ஆய்வாளர் யோகன்னசு கெபெபிராண்டும் பிறரும் 2014இல், "உணவு அடிமைத்தனம்" என்பதைவிட "உண்ணும் அடிமைத்தனம்" என்பதே பொருத்தம் என எழுதினர். 2025இல் வெளியான சோதனையொன்றில், 50 இளவயதினர் இனிப்பும் கொழுப்பும் மிகுந்த பால்பானம் அருந்தியபோது, சராசரியாக அவர்களின் மூளையில் டோபமின் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை.

மறு தரப்பினர், புகையிலையும் ஒரே நாளில் அடிமைத்தனப் பொருளாக ஏற்கப்படவில்லை என்பதைச் சுட்டிக்காட்டுகின்றனர். அவர்களைப் பொறுத்தவரை, இச்சொல்லின் பயன் உண்பவரைக் குறைகூறுவதில் இல்லை. விழைவைத் தூண்டும்படி வடிவமைக்கப்பட்ட பண்டத்தின் மீதும் விற்பனை முறையின் மீதும் கவனத்தைத் திருப்புவதில் உள்ளது. சிறுவரை "தீனிக்கு அடிமை" என அழைப்பது அவமான உணர்வை வளர்க்கும் என்பதில் இரு தரப்பினரும் உடன்படுகின்றனர்.

தடுத்தலும் சிகிச்சையும்

உலக சுகாதார அமைப்பு 2015இல் வகுத்த நெறியின்படி, சேர்க்கப்பட்ட சர்க்கரையின் பங்கு மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாகவும், இயன்றால் 5 விழுக்காட்டுக்குக் குறைவாகவும் இருத்தல் வேண்டும். 2,000 கிலோகலோரி உண்பவருக்கு 5 விழுக்காடு என்பது 25 கிராம் ஆகும். 100 மில்லிலிட்டரில் 10 முதல் 11 கிராம் சர்க்கரை உள்ள குளிர்பானத்தின் 250 மில்லிலிட்டர் புட்டி ஒன்றே இந்த அளவை எட்டிவிடுகிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, தானியங்களிலிருந்து பெறும் ஆற்றல் 45 விழுக்காட்டை மிஞ்சாமல், பயறு, காய், பழம், பால் ஆகியவற்றின் பங்கைக் கூட்டுமாறு கூறுகிறது.

முழுத் தடை எப்போதும் பயன் தருவதில்லை. ஜெனிபர் ஃபிஷர், லீயன் பிர்ச் ஆகியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், கண்முன்னே வைத்துத் தடுக்கப்பட்ட தின்பண்டத்தின் மீது சிறுவரின் நாட்டம் மேலும் பெருகியது. உணவைப் பரிசாகவும் தண்டனையாகவும் பயன்படுத்தாமை, வேளை தவறாத உணவு, போதிய உறக்கம், வீட்டில் எளிதில் கைக்கெட்டும் இடத்தில் பழமும் வேர்க்கடலையும் சுண்டலும் இருத்தல் ஆகியன பரிந்துரைக்கப்படும் வழிகள் ஆகும்.

மறைத்து உண்ணுதல், வலி எடுக்கும் வரை உண்ணுதல், உண்டபின் வாந்தி எடுத்தல், உணவு பற்றிய எண்ணத்தால் படிப்பும் நட்பும் கெடுதல் ஆகியன காணப்பட்டால் மருத்துவரை அணுகுதல் வேண்டும். மிகையுண்ணல் கோளாற்றுக்கு அறிதல்-நடத்தை சிகிச்சை பயனளிப்பதாக நிறுவப்பட்டுள்ளது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் உள்ளன. 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலி-மானஸ் மனநல உதவியை 14416 என்னும் எண்ணில் தமிழிலும் பெறலாம்.

இவற்றையும் பார்க்க

சத்துணவுத் திட்டம்
உடற்பருமன்
மிகையுண்ணல் கோளாறு
இரத்தசோகை
சிறுதானியம்
கம்பம் பள்ளத்தாக்கு